மாமி சொல்லுறதையும் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கோ

கேள்வி: அக்கா, மகனுக்கு 2 வயசும் 8 மாசமும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிறார் இல்ல, ஆனா பிஸ்கற் பைக்கற் உடைக்கிற சத்தம் கேட்டால் அறைக்குள்ள இருந்து ஓடி வருவார். ஒண்டரை வயசில அம்மா, பால், காகா எண்டு சொன்னவர், இப்ப அதுவும் இல்ல. போனில பாத்துப் பழகி இங்கிலீசில 1 இலிருந்து 20 வரைக்கும் சொல்லுவார். சோடா மூடியளை வரிசையா அடுக்குவார், ஆரும் தொட்டால் ஒரே கத்தல். முன்பள்ளி ரீச்சர், ஓட்டிசமோ தெரியேல்ல, ஒருக்காக் காட்டிப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டா. மாமி சொல்லுறா இவரும் நாலு வயசிலதான் கதைச்சவராம், ஆம்பிளப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்குமாம், நான் போனைக் குடுத்துக் கெடுத்துப்போட்டனாம். இவர் கட்டாரில. மச்சாள் கனடாவில இருந்து கொழும்புக்குக் கொண்டு போ, இல்லாட்டி சென்னைக்குப் போ எண்டு நிக்கிறா. எங்க காட்டுறது, என்ன செய்வினம், சுகமாகுமா? 6 வயசில மகளும் இருக்கிறா, ஆஸ்பத்திரியில உப்பிடிப் பேர் பதிஞ்சால் பிறகு அவளுக்கும் ஏதும் வருமோ எண்டு யோசினையா இருக்கு.
(மானிப்பாய்ப் பக்கத்தில இருந்து ஒரு அம்மா)

தங்கச்சி, கடிதத்தை வைச்சுக்கொண்டு ஓட்டிசம்தான், ஓட்டிசம் இல்ல எண்டு நான் சொல்ல மாட்டன், வேற ஆர் சொன்னாலும் கேளாதேங்கோ, பிள்ளையைப் பாக்காமல் சொல்லுறதுக்குப் பேர் சாத்திரம். ஓட்டிசம் எண்டது மூளை வளர்ச்சியில உள்ள ஒரு வித்தியாசம், ஆக்களோட பழகிறதிலயும் கதைக்கிறதிலயும் அது தெரியும். ஆனா காட்டவேணுமா எண்டு கேட்டியள் எண்டால் ஓம், இந்தக் கிழமையே வெளிக்கிடுங்கோ. ரீச்சர் சொன்னதுக்காகக் கூட இல்ல, நீங்கள் எழுதினதில ஒரு வரி இருக்கு, ஒண்டரை வயசில வந்த சொல்லு இப்ப இல்ல எண்டு. பிந்திக் கதைக்கிற பிள்ளைக்குச் சொல்லு பிந்தி வரும், ஆனா வந்தது திரும்பிப் போகாது. வந்த சொல்லு போனது எண்டால் என்ன வயசு எண்டாலும், ஆர் என்ன ஆறுதல் சொன்னாலும், காட்டத்தான் வேணும், பொறுத்துப் பாப்பம் எண்ட கதைக்கே இடமில்ல.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. நான் ஸ்பீச் தெரபி வேலைக்கு வந்த புதுசில, உங்கள மாதிரியே ஒரு அம்மா, பெடியனுக்கு ரெண்டு வயசு, நாலைஞ்சு சொல்லு வந்து நிண்டு போச்சுது எண்டு வந்தவா. பிள்ளை வடிவாச் சிரிச்சு என்ர மடியில வந்து இருந்தவர், நானும் அந்தச் சிரிப்பில ஏமாந்து, பயப்பிடாதேங்கோ, ஒரு ஆறு மாசம் பாத்திட்டு வாங்கோ எண்டு அனுப்பிப்போட்டன். அவை திரும்பி வரேக்க ஒரு வருசம் போட்டுது. அந்த வருசத்தை நான் அந்தப் பிள்ளைக்குத் திருப்பிக் குடுக்கேல்ல. இப்ப ஆர் வந்தாலும் "பாப்பம்" எண்ட சொல்லை நான் வாயில எடுக்கிறதில்ல. இன்னொண்டும் அதில படிச்சன், சிரிக்கிற பிள்ளை, மடியில ஏறுற பிள்ளை, அம்மாவைக் கட்டிப்பிடிக்கிற பிள்ளை எண்டால் ஓட்டிசம் இருக்காது எண்டு சனம் நினைக்கிறது பிழை.

இனி மாமியின்ர கதைக்கு வாறன். நீங்கள் மாமியில கோவமா இருக்கிறியள் எண்டு எழுத்தில தெரியுது, நியாயம்தான், ஆனா அந்தக் கோவத்துக்குள்ள ஒரு நல்ல தகவலை விட்டிட்டியள். இவரும் நாலு வயசிலதான் கதைச்சவர் எண்டு மாமி உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லுறா, எனக்கு அது குடும்ப வரலாறு. ஓட்டிசத்தில பரம்பரையின்ர பங்கு பெரிசு, பேச்சுப் பிந்திறதும் குடும்பத்துக்குள்ள வரக்கூடிய ஒண்டு, டொக்டர் முதல் கேக்கிற கேள்வியளில அதுவும் ஒண்டு. அதால மாமியோட சண்டை பிடிக்காமல் பக்கத்தில இருத்தி, மாமி, இவர் சின்னனில எப்பிடி, என்ன விளையாடினவர், ஆரோட சேருவார், எந்தச் சத்தத்துக்குப் பயப்பிடுவார், முதல் சொன்ன சொல்லு என்ன எண்டு கேட்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ. எழுதிப்போட்டு, மாமி உங்களுக்குத்தான் இது தெரியும், நீங்களும் கிளினிக்குக்கு வாங்கோ, டொக்டரிட்ட நீங்களே சொல்லுங்கோ எண்டு கூட்டிக்கொண்டு போங்கோ. போக விடமாட்டன் எண்டு நிண்ட எத்தினையோ அப்பம்மாமார் கதிரையில இருந்து டொக்டருக்குக் கதை சொல்லத் தொடங்கி, கடைசியில அடுத்த கிளினிக் திகதியை எல்லாருக்கும் ஞாபகப்படுத்துறவையே அவைதான். நாவூறு கழிக்கவேணும், சன்னதிக்கு நேர்த்தி வைக்கவேணும் எண்டு மாமி சொன்னாலும் மறிக்காதேங்கோ, கோயிலுக்கும் போங்கோ கிளினிக்குக்கும் போங்கோ. வசம்பு உரைச்சு நாக்கில தடவுறது, நாக்கடி ஒட்டியிருக்கு வெட்டவேணும் எண்டு ஆரும் சொல்லுறது, அதுகளை மட்டும் டொக்டரைக் கேக்காமல் செய்ய விடாதேங்கோ. நாக்கடி ஒட்டியிருந்தால் சில எழுத்துச் சொல்லக் கஷ்டமா இருக்கலாம், கூப்பிட்டாத் திரும்பாமல் இருக்கிறதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

போன் குடுத்துக் கெடுத்துப்போட்டன் எண்டதை இண்டையோட இறக்கி வையுங்கோ. போன் ஓட்டிசத்தை உண்டாக்கிறதில்ல. தாயைக் குற்றம் சொல்லுறது பழைய வருத்தம், எங்கட ஊரில மட்டும் இல்ல. 1943இல அமெரிக்காவில லியோ கானர் எண்ட டொக்டர் 11 பிள்ளையளைப் பற்றி எழுதித்தான் ஓட்டிசம் எண்டு தனியா ஒண்டு இருக்கிறது மருத்துவ உலகத்துக்கு வெளிச்சமா வந்தது, அதுக்குப் பிறகு ஒரு இருவது வருசத்துக்கும் மேல பெரிய பெரிய படிச்ச ஆக்களே தாயின்ர பாசம் குளிர்ந்து போனபடியால்தான் பிள்ளை இப்பிடி எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவை. 1964இல பேர்னாட் றிம்லண்ட் எண்டவர், அவர் ஒரு உளவியலாளர், அவற்ர மகனுக்கும் ஓட்டிசம், அவர்தான் இது மூளை வளர்ச்சியில உள்ள வித்தியாசம், தாயின்ர பிழை இல்ல எண்டு அடிச்சு எழுதினவர். அறுவது வருசம் கழிச்சு மானிப்பாயில ஒரு தாய் அதே பழியைச் சுமக்கத் தேவையில்ல. எண்டாலும் போன் நேரத்தைக் குறையுங்கோ, அது வேற காரணத்துக்கு. உங்களோட முகம் பாத்து இருக்கவேண்டிய நேரத்தைப் போன் திண்டிடும். ரெண்டு வயசுக்கு மேல ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல திரை வேண்டாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2019இல சொன்னது. கட்டாரில இருந்து அப்பா வீடியோ கோலில வாறதை இந்தக் கணக்கில சேர்க்காதேங்கோ.

இங்கிலீசில 20 வரைக்கும் சொல்லுறார் எண்டு எழுதினியள், அதைப் பாத்து வீட்டில சிலபேர் பெடியன் கெட்டிக்காரன் எண்டு சொல்லியிருப்பினம். கெட்டித்தனம் இருக்கலாம், நானும் இல்லை எண்டு சொல்லேல்ல, ஆனா சொல்லுறது வேற, கதைக்கிறது வேற. எனக்குத் தெரியவேண்டியது இதுதான், தண்ணி விடாய்ச்சால் உங்களிட்ட எப்பிடிக் கேக்கிறார்? உங்கட முகத்தைப் பாக்காமல் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்க் கோப்பையில வைக்கிறாரா? வானத்தில பிளேன் போனால் விரலால காட்டிப்போட்டு, அம்மாவும் பாக்கிறாவோ எண்டு திரும்பி உங்கட முகத்தைப் பாக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்வி சின்னக் கேள்வி மாதிரித் தெரியும், எங்கட வேலையில அதுதான் பெரிய கேள்வி. ஒரு சாமான் வேணுமெண்டு காட்டுறது ஒண்டு, பாருங்கோ எண்டு ஆசையாக் காட்டுறது இன்னொண்டு, ரெண்டாவது வழக்கமா ஒண்டரை வயசுக்குள்ள வந்திடும். இதுக்கான பதிலையும் கொப்பியில எழுதுங்கோ.

இனி எங்க போறது எண்டு. முதல் பிள்ளையின்ர கிளினிக் புத்தகத்தை எடுங்கோ, தடுப்பூசி எல்லாம் எழுதுற அந்தச் சுகாதார வளர்ச்சிப் பதிவேடுதான், அதுக்குள்ள பிள்ளை எப்ப என்ன செய்யவேணும் எண்ட பகுதி இருக்கு, எங்கட அம்மாமாரில கனபேர் அதை நிரப்பாமலே விட்டிடுவினம், நீங்களும் விட்டிருந்தால் வெக்கப்படாமல் இப்ப இருந்து நிரப்புங்கோ. உங்கட பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிட்ட, அதுதான் எங்கட மிட்வைஃப் மிஸ்ஸிட்ட, அதைக் காட்டிச் சொல்லுங்கோ, அவ எம்.ஓ.எச். ஒபிஸ், அதுதான் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அங்கத்தை டொக்டரிட்ட அனுப்புவா, அங்கயிருந்து துண்டு தருவினம் பெரியாஸ்பத்திரிக் குழந்தை வைத்திய நிபுணரின்ர கிளினிக்குக்கு. இல்லாட்டி நீங்கள் வழமையாக் காட்டுற குடும்ப டொக்டரிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டும் போகலாம். உங்களுக்குத் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை கிட்ட எண்டால் அங்க எந்த நாளில எந்தக் கிளினிக் எண்டு கேட்டுப் பாருங்கோ, வடமராச்சி ஆக்கள் எண்டால் மந்திகை, தென்மராச்சிக்குச் சாவகச்சேரி. இதெல்லாம் காசில்லாமல் கிடைக்கிற சேவை. குழந்தை நிபுணர் பாத்திட்டு, காதுக்கு, மனநலப் பகுதிக்கு, ஸ்பீச் தெரபிக்கு, தொழில்வழிச் சிகிச்சைக்கு எண்டு பிரிச்சு அனுப்புவார், ஒரே நாளில எல்லாம் முடியும் எண்டு நினைச்சுப் போகாதேங்கோ, சோத்துப் பார்சலும் தண்ணிப் போத்தலும் அவருக்குப் பிடிச்ச ரெண்டு மூண்டு சோடா மூடியும் கொண்டு போங்கோ. மூடி அடுக்கிற பிள்ளைக்குக் கிளினிக் வாங்கில மூடி இருந்தால் பாதி அழுகை குறையும், டொக்டரும் அவர் விளையாடுற விதத்தைப் பாக்கலாம்.

காது ரெஸ்ற்றை ஆரும் தள்ளிப் போட்டால் விடாதேங்கோ. பிஸ்கற் பைக்கற் சத்தத்துக்கு ஓடி வாறார், அப்ப காது கேக்குதுதானே எண்டு நீங்களே யோசிப்பியள். கேக்கலாம். ஆனா சில பிள்ளையளுக்குச் சில சத்தம் கேக்கும், ச, ஸ, த மாதிரி மெல்லிய எழுத்துகள் கேக்காது, சில பேருக்குத் தடிமன் வந்து வந்து நடுக்காதில தண்ணி கட்டி நிக்கும், அதுகளை வீட்டில கை தட்டிக் கண்டுபிடிக்க ஏலாது. காதில சின்ன மைக் மாதிரி ஒண்டை வைச்சுச் செய்யிற ரெஸ்ற் ஒண்டு இருக்கு, ஓஏஈ எண்டுவினம், ரெண்டு நிமிசத்தில முடிஞ்சிடும். தலையில வயர் ஒட்டிச் செய்யிற பெரா எண்ட ரெஸ்ற்றுக்குப் பிள்ளை நித்திரையா இருக்கவேணும், அண்டைக்கு விடியக் காலம எழுப்பிப்போட்டு, வழியில ஓட்டோவில கண் அயர விடாமல் கொண்டு போனியள் எண்டால் அங்க போய் நித்திரை கொள்ளுவார், இல்லாட்டி அங்க முழிச்சுக்கொண்டிருந்து இன்னொரு திகதி தருவினம்.

டொக்டருக்கு முன்னால இருக்கேக்க உங்களுக்கு வாய் அடைச்சுப் போகும், வெளியில அம்பது பேர் நிப்பினம், பிள்ளை கத்தும், நீங்கள் "கதைக்கிறார் இல்ல டொக்டர்" எண்ட ஒண்டை மட்டும் சொல்லிப்போட்டு வந்திடுவியள், பிறகு பஸ்ஸில வரேக்கதான் எல்லாம் ஞாபகம் வரும். அதால ஒரு பக்கத்தில எழுதிக்கொண்டு போங்கோ. முதல் வரியில, எத்தினை மாசத்தில என்ன என்ன சொல்லுச் சொன்னவர், எந்த மாசத்தில நிண்டது. இந்த ஒரு வரியை முதல் சொல்லுங்கோ. அதுக்கடுத்ததா, வலிப்பு வந்திருக்கா, கூப்பிடக் கூப்பிட ஒரே இடத்தைப் பாத்துக்கொண்டு சில விநாடி உறைஞ்சு நிக்கிறதுண்டா எண்டது. நடை, கைப்பிடி, எழும்பி இருக்கிறது ஏதும் பழையபடி பின்னுக்குப் போகுதெண்டால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் உடன கொண்டு போகவேணும். பிறகு பிறந்த நிறை, மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில மறிச்சதா, இருந்தது நடந்தது எப்ப, சாப்பாடு, நித்திரை, மாமி சொன்னது. முன்பள்ளி ரீச்சரிட்டயும் அஞ்சு வரி எழுதித் தரச் சொல்லுங்கோ, மற்றப் பிள்ளையளோட எப்பிடி எண்டு, அந்த ரீச்சர் உங்களுக்கு உண்மை சொன்னவா, அவவை விட்டிடாதேங்கோ. போனில வீடியோவும் எடுங்கோ, ஒவ்வொண்டும் ஒரு நிமிசம் காணும். தனிய விளையாடேக்க ஒண்டு, நீங்கள் பின்னால நிண்டு பேர் சொல்லிக் கூப்பிடேக்க ஒண்டு, சாப்பிடேக்க ஒண்டு, அக்காவோட இருக்கேக்க ஒண்டு. கத்துறதை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதேங்கோ, நல்லா இருக்கிற நேரத்தையும் எடுங்கோ.

என்ன செய்வினம் எண்டு பயந்திருக்கிறியள். ஊசியும் இல்ல, இரத்தத்தில ஓட்டிசம் பாக்கிற ரெஸ்ற்றும் இல்ல, தலை ஸ்கானிலயும் தெரியாது. தைரொயிட், இரும்புச்சத்து மாதிரி வேற விசயம் பாக்க இரத்தம் எடுத்தால் எடுப்பினம், அவ்வளவுதான். மற்றும்படி உங்களிட்டக் கேள்வி கேப்பினம், பிள்ளையோட பந்து, குமிழி, பொம்மை எண்டு விளையாடிப் பாப்பினம், நீங்கள் விளையாடேக்க ஓரமா இருந்தும் பாப்பினம். ரெண்டு விசயம் சேர்ந்து இருக்கா எண்டுதான் தேடுறது: ஆக்களோட தொடர்பும் பேச்சும் பரிமாற்றமும் ஒண்டு, ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் செய்யிறது, மாற்றத்தைத் தாங்கேலாமல் போறது, சத்தம் வெளிச்சம் தொடுகை இதுகளுக்குக் கூடவோ குறையவோ எதிர்வினை காட்டுறது மற்றது. 2013இல இருந்து இந்த ரெண்டையும் வைச்சுத்தான் பாக்கினம். நெற்றில தாய் தகப்பன் நிரப்புற 20 கேள்விப் படிவம் ஒண்டு இருக்கு, எம்-சற் எண்டு, மச்சாள் அதை அனுப்பியிருப்பா, அது 16 தொடக்கம் 30 மாசப் பிள்ளையளுக்கு, உங்கட மகன் 32 மாசம், அந்த வயசு தாண்டிப்போச்சு, அதில வாற புள்ளியைப் பாத்து இரவிரவா அழாதேங்கோ, சந்தோசப்படவும் வேண்டாம். ஒரு தரம் பத்து நிமிசம் பாத்துப்போட்டு ஆரும் முடிவு சொன்னால், ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும், இன்னொருக்கா வடிவாப் பாக்கச் சொல்லிக் கேக்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

கொழும்புக்குப் போறதைப் பற்றி என்ர அபிப்பிராயம், முதல் இஞ்ச பாருங்கோ. பொரளையில லேடி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கு, ராகமையில அயாட்டி எண்டு இப்பிடியான பிள்ளையளுக்கெண்டே ஒரு நிலையம் இருக்கு, நல்ல இடங்கள்தான், இஞ்ச இருக்கிற டொக்டர் தேவை எண்டு அனுப்பினால் கட்டாயம் போங்கோ. ஆனா இரவு பஸ்ஸில ஏழெட்டு மணித்தியாலம் நித்திரை இல்லாமல் போய், தெரியாத அறையில, தெரியாத மொழி கதைக்கிற ஆக்களுக்கு நடுவில ஒரு ரெண்டரை வயசுப் பிள்ளையை இருத்தினால் அவர் காட்டுறது அவற்ர உண்மையான முகம் இல்ல. பிள்ளை வீட்டில கேட்டு வளர்ந்தது "இஞ்ச வாங்கோ, தண்ணி வேணுமா" எண்ட தமிழ், அந்தத் தமிழில கூப்பிட்டுப் பாக்கிற ஆள்தான் முதல் பாக்கவேணும். சென்னைக்கும் இதே கதைதான், அங்கத்தைத் தமிழும் எங்கட தமிழும் சின்னப் பிள்ளைக்கு ஒண்டில்ல. சென்னை எண்டோண்ண இன்னொண்டு ஞாபகம் வருது, ஸ்ரெம் செல் ஏத்தினால் ஓட்டிசம் மாறும் எண்டு ஆரும் மச்சாளுக்குச் சொல்லியிருந்தால், அது ஓட்டிசத்துக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட வைத்தியம் இல்ல, கனடாக் காசும் போய்ப் பிள்ளைக்கும் ஆபத்து. உடம்பில இருக்கிற உலோகத்தைக் கழுவி எடுக்கிறன் எண்டு மருந்து குடுக்கிற ஆக்களும் இருக்கினம், கிட்டவும் போகாதேங்கோ.

ஊரிலயும் கவனம். ஆறு மாசத்தில மாத்தித் தாறன், முழுக்காசையும் முதல் கட்டுங்கோ, நீங்கள் வெளியில இருங்கோ, நாங்கள் உள்ளுக்க செய்யிறம் எண்டு சொல்லுற இடத்தில இருந்து எழும்பி வாங்கோ. நல்ல தெரபிஸ்ற் எண்டால் உங்களைப் பக்கத்தில இருத்துவா, என்ன செய்யிறா எண்டு உங்களுக்குச் சொல்லித்தருவா, அடுத்த மூண்டு மாசத்துக்கு என்ன எதிர்பாக்கிறம் எண்டு எழுதித் தருவா. எங்க படிச்சவா எண்டு கேட்டால் கோவிக்கவும் மாட்டா. தமிழ் கதைக்கிற ஸ்பீச் தெரபிஸ்ற்மார் எங்கட நாட்டில குறைவு, அதால திகதி தள்ளித்தான் கிடைக்கும், மாசத்தில ஒருக்கா ஒரு மணித்தியாலம் கிடைச்சாலே பெரிய விசயமா இருக்கலாம். பிள்ளை முழிச்சிருக்கிற நேரம் மாசத்துக்குக் கிட்டத்தட்ட 400 மணித்தியாலம் எண்டு கணக்குப் பாருங்கோ, அதில ஒண்டு எனக்கு, மிச்சம் உங்களிட்டயும் மாமியிட்டயும்தான் இருக்கு. முடிவு வரும் வரைக்கும், ஓட்டிசமோ இல்லையோ எண்டு தெரியுமட்டும், சும்மா இருக்கத் தேவையில்ல, நான் கீழ எழுதிறது எந்தப் பிள்ளைக்கும் கெடுதி செய்யாது, இண்டைக்குப் பின்னேரமே தொடங்கலாம்.

"இது என்ன, சொல்லு, அம்மா எண்டு சொல்லு" எண்டு பரீட்சை வைக்கிறதை நிப்பாட்டுங்கோ. நிலத்தில அவருக்கு முன்னால, முகம் தெரியிற மாதிரி இருங்கோ. அவர் மூடி அடுக்கினால் நீங்களும் ஒரு மூடியை எடுத்துப் பக்கத்தில வைச்சு "மூடி" எண்டு மட்டும் சொல்லுங்கோ, அவற்ர வரிசையைக் குழப்பாதேங்கோ. ஒரு சொல்லு, நீட்டி, அவர் பாக்கிற சாமானைப் பற்றி. சொல்லிப்போட்டு மனதுக்குள்ள அஞ்சு எண்ணிப் பொறுங்கோ, எங்கட அம்மாமாருக்கு இந்த அஞ்சு எண்ணுறதுதான் பெரிய கஷ்டம், வாய் சும்மா இருக்காது. பிடிச்ச பிஸ்கற்றை இறுக்கி மூடின கண்ணாடிப் போத்தலுக்குள்ள போட்டு அவற்ர கையில குடுங்கோ, திறக்க ஏலாமல் உங்களிட்ட வருவார், வரேக்க முகத்தைப் பாத்தாரோ, நீட்டினாரோ, ஒரு சத்தம் போட்டாரோ, அந்த நிமிசமே "திற" எண்டு சொல்லித் திறந்து குடுங்கோ. அழவைச்சுக் குடுக்கிற விளையாட்டில்ல இது, ரெண்டு மூண்டு விநாடிதான். வீட்டில ஊஞ்சல் இருந்தால் இன்னும் நல்லம், இவருக்குத்தான் எண்ணத் தெரியுமே, ஊஞ்சலைப் பிடிச்சுக்கொண்டு "வன்... ரூ..." எண்டு சொல்லி நிப்பாட்டிப் பொறுங்கோ, போனில தனியச் சொன்னதை உங்களோட சேர்ந்து சொல்லவைக்கிறதுதான் வேலை. அவற்ர சொந்தக் கோப்பை, ஊஞ்சல், பிஸ்கற், செருப்பு இதுகளைப் படம் எடுத்து ஒட்டி வைச்சு, எடுத்துத் தந்து கேக்கப் பழக்கலாம். படம் காட்டினால் பிள்ளை கதைக்காமல் போயிடும் எண்டு சொல்லுவினம், இல்ல, கேக்கப் பழகின பிள்ளைக்குக் கத்தல் குறையும், சொல்லுக்கும் அது உதவிதான். இங்கிலீசு காதில விழுகிறதாலயும் ஓட்டிசம் வராது, ஆனா நீங்கள் உங்களுக்கு வாயில தானா வாற மொழியில, தமிழில, கதையுங்கோ.

கிணறு. இதைத் தனியா எழுதவேணும். எங்கட வளவுக்குள்ள எல்லாம் கிணறு, கட்டும் உயரமில்ல. ஓட்டிசம் உள்ள பிள்ளையள் சத்தமில்லாமல் வெளிக்கிட்டுப் போறதும், தண்ணியைக் கண்டால் இழுபட்டுப் போறதும் அடிக்கடி நடக்கிறது, கூப்பிட்டால் திரும்பவும் மாட்டினம். கிணத்துக்கு இரும்பு வலையோ மூடியோ போடுவியுங்கோ, படலைக்கு உயரத்தில கொழுக்கி வையுங்கோ, பக்கத்து வீட்டு ஆக்களுக்கும் சொல்லி வையுங்கோ இவர் தனிய ரோட்டில நிண்டால் பிடிச்சுக்கொண்டு வாங்கோ எண்டு. ஓட்டிசமோ இல்லையோ எண்டு தெரிய முதலே இது செய்யவேண்டிய வேலை, அப்பா கட்டாரில இருந்து காசு அனுப்பினால் தெரபிக்கு முதல் இந்த வலைக்கு.

வாற மாசங்களில 3 வயசு எம்.எம்.ஆர். ஊசி, சின்னமுத்து மாதிரி வருத்தங்களுக்கான தடுப்பூசி, வரும், ஆரும் பயமுறுத்தினால் மறிக்காமல் போடுங்கோ. ஊசியால ஓட்டிசம் எண்டு 1998இல இங்கிலாந்தில ஒரு டொக்டர் 12 பிள்ளையளை வைச்சு எழுதினது பொய் எண்டு நிரூபிச்சு, 2010இல அந்தக் கட்டுரையையே வாபஸ் எடுத்து, அவற்ர லைசென்சும் போட்டுது.

சுகமாகுமா எண்டு கேட்டியள். காய்ச்சல் மாதிரி வந்து போற வருத்தம் இல்ல, அதால சுகமாக்கிறது எண்ட பேச்சு இல்ல. தமிழ்நாட்டில இதுக்கு மதியிறுக்கம் எண்டு ஒரு சொல்லு பாவிக்கினம், எனக்கு அது பிடிக்கிறதில்ல, மதி ஒண்டும் இறுகிப் போகேல்ல, அது வேற மாதிரி வேலை செய்யுது. பிள்ளை வளரும், படிக்கும், மாறும். உங்கட மகன் நல்லாக் கதைப்பாரா, கொஞ்சமாக் கதைப்பாரா, படத்தாலதான் கதைப்பாரா எண்டு 2 வயசு 8 மாசத்தில நேர்மையா ஆரும் சொல்ல ஏலாது, நான் பாத்த பிள்ளையளில நாலு வயசில ஒரு சொல்லும் இல்லாமல் இருந்து பிறகு என்னையே கதைச்சுக் களைக்கப் பண்ணினவையும் இருக்கினம், பதினாறு வயசிலயும் சொல்லு இல்லாமல் ஆனா தன்ர வேலையைத் தானே செய்து சந்தைக்குப் போய் வாறவையும் இருக்கினம்.

பேர் பதிஞ்சால் மகளுக்கு ஏதும் வருமோ எண்டது. தங்கச்சி, 6 வயசுப் பிள்ளையின்ர கலியாணத்துக்காக 2 வயசுப் பிள்ளையின்ர சிகிச்சையை நிப்பாட்டுறதோ? கோவிக்காதேங்கோ, ஊரை எனக்கும் தெரியும், ஆர் ஆரைக் கண்டால் என்ன கேப்பினம் எண்டும் தெரியும். கிளினிக் கொப்பி உங்கட கையில இருக்கும், ரிப்போர்ட் ஊருக்கு ஒட்டுற நோட்டீஸ் இல்ல. இது அவ்வளவு அரிதான ஒண்டும் இல்ல, 2009இல வெளியான இலங்கை ஆய்வு ஒண்டில, 18 தொடக்கம் 24 மாசப் பிள்ளையளில 93 பேருக்கு ஒருவருக்கு எண்டு கண்டவை, உங்கட ஒழுங்கையில இன்னொரு வீட்டிலயும் இருக்கலாம், அவையும் உங்களை மாதிரிப் படலையைச் சாத்திக்கொண்டு இருக்கினம். அந்தப் பேப்பர் இல்லாமல்தான் கஷ்டம் கூட. பேப்பர் இருந்தால் ஜி.எஸ்., அதுதான் கிராம சேவகர், அவரிட்டக் கடிதம் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரிட்ட மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு, மற்ற உதவி என்ன கிடைக்கும் எண்டு கேக்கலாம். பள்ளிக்கூடம் சேர்க்கேக்க வலயக் கல்வி அலுவலகத்தில விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்திச்சு, எந்தப் பள்ளிக்கூடத்தில விசேட கல்வி அலகு இருக்கெண்டு கேக்கலாம். 5 தொடக்கம் 16 வயசு வரைக்கும் படிப்புக் கட்டாயம் எண்டது இவருக்கும் சேர்த்துத்தான், மாற்றுத்திறனைக் காட்டிப் பள்ளிக்கூடத்தில சேர்க்க மறுக்கக்கூடாது எண்டு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் சொல்லுது, அதிபர் முகத்தைத் தூக்கினால் மரியாதையா அந்த இலக்கத்தைச் சொல்லுங்கோ. கோண்டாவிலில சிவபூமி பாடசாலை மாதிரி இடங்களும் இருக்கு, ஆனா ஓட்டிசம் எண்டோண்ண எல்லாரும் அங்கதான் எண்டு இல்ல, கனபேர் ஊர்ப் பள்ளிக்கூடத்திலயே கொஞ்சம் உதவியோட படிக்கினம். அது இன்னும் ரெண்டு வருசத்துக்குப் பிறகத்தைக் கதை. இப்ப முன்பள்ளியால மறிக்காதேங்கோ, நேரத்தைக் குறைச்சு எண்டாலும் போகட்டும்.

மகளிட்ட ஒளிக்கவும் வேண்டாம். தம்பிக்குக் கதைக்கப் பழக்கிறம், நீயும் ஊஞ்சல் ஆட்டு எண்டு சொல்லுங்கோ, பெரியாக்களை விடச் சின்னப் பிள்ளையளுக்கு அந்த அஞ்சு எண்ணிப் பொறுக்கிறது கெதியாப் பிடிபடும்.

நாளைக்கு மிட்வைஃப் மிஸ்ஸுக்குக் கோல் எடுங்கோ. காது ரெஸ்ற் முடிவு வந்தோண்ண எனக்கு எழுதுங்கோ, மாமி என்ன சொன்னவா எண்டும் எழுதுங்கோ. "வன்... ரூ..." எண்டு நிப்பாட்டினாப் பிறகு அவர் "த்ரீ" எண்டாரோ, இல்லாட்டி ஒண்டும் சொல்லாமல் உங்கட கையைப் பிடிச்சு ஊஞ்சல் கயித்தில வைச்சு உங்களை ஒருக்கா நிமிந்து பாத்தாரோ, அதையும் திகதி போட்டு எழுதுங்கோ.